டினோ ஸோஃப்: கோல்கீப்பராக எல்லோருக்கும் தெரியும், பயிற்சியாளராக?

#1 ஒன்றாம்நம்பர்

இங்கே கோல்கீப்பர்களைப் பற்றி எப்போது பேச்சு எழுந்தாலும் டினோ ஸோஃப் பெயர் வந்துவிடும். 1982இல் 40 வயதில் கேப்டனாக உலகக் கோப்பையைத் தூக்கியவர். இத்தாலிக்காக 112 ஆட்டங்கள். 1972 முதல் 1974 வரை சர்வதேச ஆட்டங்களில் தொடர்ச்சியாக 1142 நிமிடம் கோல் வாங்காதவர். இதெல்லாம் நம்மில் பலருக்கு மனப்பாடம். ஆனால் பயிற்சியாளராக அவர் என்ன செய்தார் என்று கேட்டால், "2000ஆம் ஆண்டு யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) இறுதிப் போட்டியில் தோற்றாரே" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

எனக்கு இது நெடுநாள் மனக்குறை. அவருடைய பயிற்சியாளர் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால் அது தோற்றவரின் கதை அல்ல. 1983இல் ஓய்வு பெற்றதும் யுவென்டஸில் கோல்கீப்பர் பயிற்சியாளர். அப்புறம் இத்தாலியின் ஒலிம்பிக் அணியை 1988 சியோல் போட்டிக்குத் தகுதி பெற வைத்தார். போட்டிக்கு முன்பே யுவென்டஸ் அழைத்துக்கொண்டதால் அணியைச் சியோலுக்குக் கூட்டிப்போனவர் ரோக்கா. 1988 முதல் 1990 வரை யுவென்டஸ். 1990 முதல் 1994 வரை லாஸியோ, பிறகு அதே கிளப்பின் தலைவர். 1997இல் நெருக்கடி வந்தபோது தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து மறுபடி பயிற்சியாளராகப் பெஞ்சுக்கு வந்தார். 1998 முதல் 2000 வரை இத்தாலி தேசிய அணி. 2001இல் மூன்றாம் முறையாக லாஸியோ. 2005இல் ஃபியோரென்டினா.

என் கருத்து இதுதான்: ஒரு அணி தள்ளாடும்போது அதைப் பிடித்து நிறுத்துவதில் அந்தக் காலத்து இத்தாலியில் இவருக்கு நிகரானவர்கள் குறைவு. அதற்கு உரிய பெயர் அவருக்குக் கிடைக்கவே இல்லை. மறுப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள்.


#2 ஆஃப்சைடு

மறுக்கிறேன். ஸோஃப் மேல் எனக்கு மரியாதை நிறைய உண்டு. ஆனால் கோல்கீப்பர் ஸோஃபின் புகழை எடுத்துப் பயிற்சியாளர் ஸோஃபுக்குப் போர்த்திவிடக் கூடாது.

அவர் இருந்த காலத்து இத்தாலியில் யார் யார் பயிற்சியாளர்கள்? ட்ராபட்டோனி, சாக்கி, கபெல்லோ, லிப்பி. இவர்கள் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஸோஃப் வென்றது இரண்டு பெரிய கோப்பைகள், இரண்டும் ஒரே சீசனில். லீக் பட்டம் ஒன்றுகூட இல்லை. 2001 செப்டம்பரில் லாஸியோ அவரை அனுப்பிவிட்டு ஸக்கரோனியைக் கொண்டுவந்தது. தள்ளாடும் அணியைப் பிடித்து நிறுத்துவார் என்கிறீர்கள். அன்று அந்த அணி அவர் கையில்தானே தள்ளாடியது?

ஆட்ட முறையையும் பார்க்க வேண்டும். சாக்கிக்குப் பிறகு இத்தாலியே மேலேறி அழுத்தும் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஸோஃபின் இத்தாலி பின்னால் மூன்று பேரை வைத்துக்கொண்டு காத்திருந்தது. தாக்குதல் நட்சத்திரம் ராபர்ட்டோ பாஜியோவை 2000ஆம் ஆண்டு யூரோ போட்டிக்கு அழைக்கவே இல்லை.


#3 நீலச்சட்டை

"இரண்டும் ஒரே சீசனில்" என்று ஆஃப்சைடு ஒரே வரியில் கடந்துபோன அந்த 1989-90 சீசனைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். யுவென்டஸை அறிந்தவர்களுக்கு அது சாதாரண சீசன் இல்லை.

பிளாட்டினி 1987இல் ஓய்வு பெற்றுவிட்டார். ட்ராபட்டோனி அதற்கும் முன்பே போய்விட்டார். பணமும் ஒளியும் மிலான் பக்கம்: குல்லிட், வான் பாஸ்டன், ரைக்கார்ட். நாப்போலியில் மரடோனா. இன்டரில் மத்தேயஸ். இவர்களுக்கு எதிராக ஸோஃப் கையில் இருந்தவர்கள் ரூய் பாரோஸ், ஸவாரோவ், அலெய்னிகோவ், அப்புறம் இரண்டாம் டிவிஷனில் மெஸ்ஸினா அணிக்கு ஆடிக்கொண்டிருந்த ஒரு சிசிலிக்காரர். அந்தச் சிசிலிக்காரர்தான் ஸ்கில்லாச்சி. 1989 கோடையில் வந்தார், முதல் சீசனிலேயே லீக்கில் 15 கோல். அடுத்த கோடையில் உலகக் கோப்பையில் 6 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கியதை எல்லோரும் பேசுவார்கள். அதற்கு முந்தைய ஓராண்டு அவரை நம்பி ஆடவைத்தவர் யார் என்பதை யாரும் பேசுவதில்லை.

சீசன் தொடங்கும்போதே ஒரு பேரிடி. கெயட்டானோ ஷிரேயா ஸோஃபின் துணைப் பயிற்சியாளர். வெறும் துணை என்று சொல்வதே தப்பு. விளையாடிய காலத்தில் இருவரும் ஒரே அறையில் தங்குபவர்கள். 1982இல் ஸ்பெயினில் அவர்கள் அறையில் நிலவிய அமைதியைப் பார்த்து சக வீரர் டார்டெல்லி அதற்கு "சுவிட்சர்லாந்து" என்று பெயர் வைத்தார். உலகக் கோப்பை வென்ற இரவில் ஊரே ஆடிப்பாடிக்கொண்டிருந்தபோது இவர்கள் இருவரும் சாப்பிட்டு, கொஞ்சம் வைன் குடித்து, அறையில் உட்கார்ந்து ஒரு சிகரெட் பிடித்தார்கள். அவ்வளவுதான் கொண்டாட்டம். அந்த ஷிரேயா 1989 செப்டம்பர் 3 அன்று போலந்தில் கார் விபத்தில் இறந்துபோனார். யூஃபா கோப்பையில் யுவென்டஸ் எதிர்கொள்ளவிருந்த குர்னிக் ஸப்ஜே அணியின் ஆட்டத்தைப் பார்த்து வரப் போயிருந்தார்.

அந்தத் துக்கத்தோடு ஸோஃப் அந்த அணியை நடத்தினார். இத்தாலியக் கோப்பை இறுதியில் சாக்கியின் மிலான். முதல் ஆட்டம் 0-0. இரண்டாம் ஆட்டம் சான் சீரோவில், கலியா அடித்த ஒரே கோலில் 1-0. அதே மிலான் அந்த வருடம் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. யூஃபா கோப்பை இறுதியில் ஃபியோரென்டினா. டூரினில் 3-1. இரண்டாம் ஆட்டம் ஃப்ளோரன்ஸில் நடக்கவில்லை, அவெலினோவில் 0-0. 1977இல் வீரராக அதே கோப்பையை அதே கிளப்புக்காக வென்றவர், பயிற்சியாளராகவும் வென்றார்.

இதற்குப் பரிசு வேலைநீக்கம். இறுதிப் போட்டிகள் முடிவதற்கு முன்பே, நவீன ஆட்டம் வேண்டும் என்று மைஃப்ரெடியை அழைத்துவர முடிவெடுத்துவிட்டார்கள். ராபர்ட்டோ பாஜியோவையும் பெரும் தொகைக்கு வாங்கிக் கொடுத்தார்கள். அடுத்த சீசனில் யுவென்டஸ் ஏழாம் இடம், ஐரோப்பியப் போட்டி எதிலும் இடமில்லை. கிட்டத்தட்ட முப்பது வருடமாக அந்த கிளப்புக்கு நடக்காதது.

ஸோஃப் கெட்டவர், மைஃப்ரெடி நல்லவர் என்று அன்று கிளப் முடிவெடுத்ததைப் பன்னிரண்டே மாதத்தில் லீக் அட்டவணை மறுத்துவிட்டது.


#4 இடதுவிங்

நீலச்சட்டை அண்ணா, ஷிரேயா விஷயம் எனக்குத் தெரியாது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நான் ஸோஃபை நேரலையில் பார்த்த தலைமுறை இல்லை, அதனால் பொதுவாக ஒரு கேள்வி. கோல்கீப்பர்கள் ஏன் பெரிய பயிற்சியாளர்களாக அதிகம் வருவதில்லை? நடுக்கள ஆட்டக்காரர்கள்தான் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள்: குவார்டியோலா, அஞ்செலோட்டி, சிமியோனே, டெஷாம்ப்ஸ். கோல்கீப்பர் என்றால் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது நூனோ எஸ்பிரிட்டோ சான்டோவும் லோபெடேகியும்தான்.


#5 தெற்குகேலரி

இன்னும் சிலர் உண்டு. 1993இல் மார்செய் சாம்பியன்ஸ் லீக் வென்றபோது பயிற்சியாளராக இருந்த பெல்ஜியத்தின் ரேமோன் கோத்தால்ஸ் கோல்கீப்பராக இருந்தவர். அதே நாட்டின் மிஷல் பிரூடோம் 2008இல் ஸ்டாண்டர்ட் லீஜுக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஆனாலும் இடதுவிங் சொல்வது சரிதான், எண்ணிக்கை குறைவு.

நான் அலுவலக லீக்கில் கோல்கீப்பராக நிற்பவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். வாரப் பயிற்சியில் பத்துப் பேரும் ஒரு பக்கம், நான் ஒருவன் இன்னொரு பக்கம். அவர்கள் முக்கோணம் போட்டுப் பாஸ் பழகும்போது நான் ஓரத்தில் தனியாக டைவ் அடித்துக்கொண்டிருப்பேன். இப்போதைய கோல்கீப்பர்கள் காலால் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிறார்கள், அணியோடு சேர்ந்து பயிற்சி செய்கிறார்கள். முன்பு அப்படி இல்லை. கிளப் நிர்வாகமும் "இவருக்குத் தாக்குதலைப் பற்றி என்ன தெரியும்" என்றே யோசித்தது.

ஆனால் ஆட்டத்தின்போது நிலைமை தலைகீழ். முழு மைதானமும் என் கண் முன்னால் விரிந்து கிடக்கும். சென்டர் பேக் இரண்டு அடி தள்ளி நிற்கிறான் என்பது அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வலது பேக் மேலே போனவன் திரும்பி வரவில்லை என்பதும் எனக்குத்தான் முதலில் தெரியும். 90 நிமிடமும் கத்திக்கொண்டே இருப்பேன். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் தொண்டையில் குரல் இருக்காது. அப்படி யோசித்துப் பார்த்தால், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, தானே ஓடிப் போய்ச் சரிசெய்ய முடியாமல் நிற்பது பயிற்சியாளரின் நிலைமையும்தானே?


#6 ஒன்றாம்நம்பர்

தெற்குகேலரி சொன்னதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். பழி சுமப்பது.

1978 உலகக் கோப்பையில் ஸோஃபுக்கு 36 வயது. நெதர்லாந்தின் பிரான்ட்ஸ், ஹான் இருவரும் தூரத்திலிருந்து அடித்த பந்துகள் உள்ளே போயின. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பிரேசிலின் நெலீன்யோவும் டிர்செயுவும் அதே மாதிரி தூரத்திலிருந்து அடித்தார்கள். ஆள் முடிந்தார், கண் தெரியவில்லை என்று எழுதினார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. நான்கு வருடம் கழித்து 40 வயதில் அதே இடத்தில் வந்து நின்றார்.

1982 ஜூலை 5, பார்சிலோனாவின் சாரியா மைதானம். இத்தாலி 3, பிரேசில் 2. இன்னொரு கோல் விழுந்து சமநிலை ஆனால் பிரேசில் அரையிறுதிக்குப் போய்விடும். கடைசி நிமிடங்களில் ஆஸ்கர் தலையால் முட்டிய பந்து கீழ் மூலையை நோக்கி வருகிறது. ஸோஃப் பாய்ந்து, தட்டிவிடாமல், கோட்டின் மேலேயே பிடித்து அழுத்திக்கொண்டார். பிரேசில் வீரர்கள் கோல் என்று கையைத் தூக்கிவிட்டார்கள். அந்தப் பந்தைத் தட்டிவிட்டிருந்தால் யாராவது வந்து உள்ளே தள்ளியிருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டதுதான் ஸோஃப். வேடிக்கை காட்டும் பாய்ச்சல் எதுவும் அவரிடம் கிடையாது. எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு முன்கூட்டியே அங்கே நிற்பார்.

பயிற்சியாளராகவும் அதே ஆள்தான். 1982இல் இத்தாலிய வீரர்கள் பத்திரிகைகளோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்தபோது, அணியின் சார்பில் பேசியவர் கேப்டன் ஸோஃப் ஒருவர்தான். அணியிலேயே மிகக் குறைவாகப் பேசுபவர். அவர் வாயிலிருந்து தலைப்புச் செய்தி எதுவும் வராது என்று எல்லோருக்கும் தெரியும்.

பயிற்சியாளராக அவருக்கு ஏன் பெயர் இல்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சாக்கி தன் கோட்பாட்டை மணிக்கணக்கில் விளக்குவார். ட்ராபட்டோனி விசில் அடிப்பார், கோபப்படுவார், கேமரா அவரையே சுற்றும். ஸோஃப் எதையும் விளக்கவில்லை. பத்திரிகைக்காரர்களுக்கு அவரிடமிருந்து எழுத ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் அவர்கள் எழுதவில்லை.


#7 பழையஆட்டம்

லாஸியோவைப் பற்றி யாரும் எழுதவில்லையே. எனக்குப் பிடித்த ஸோஃப் அங்கேதான் இருக்கிறார்.

1990இல் அவர் போனபோது லாஸியோ பெரிய அணி இல்லை. முதல் இரண்டு சீசனும் அட்டவணையின் நடுவில், 11ஆம் இடம், 10ஆம் இடம். 1992இல் க்ரன்யோட்டி கிளப்பை வாங்கினார், பணம் வந்தது. ஸிக்னோரி வந்தார், முதல் சீசனிலேயே 26 கோல் அடித்து லீக்கில் முதலிடம். முழங்கால் காயத்திலிருந்து மீண்ட பால் காஸ்கோயினும் இங்கிலாந்திலிருந்து வந்தார். 1992-93இல் ஐந்தாம் இடம், பல வருடத்துக்குப் பிறகு யூஃபா கோப்பையில் இடம். அடுத்த சீசனில் நான்காம் இடம்.

இந்தக் காஸ்கோயினையும் ஸோஃபையும் ஒரே அறையில் நினைத்துப் பாருங்கள். ஒருவர் நாளெல்லாம் விளையாட்டுத்தனம், குறும்பு, குடி, அழுகை. மற்றவர் ஃப்ரியூலிப் பகுதிக் கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, வாயைத் திறந்தால் நாலு வார்த்தை. ஆனாலும் ஸோஃப் அவரை வெறுக்கவில்லை. பின்னாளில் காஸ்கோயினைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் பாசத்தோடுதான் பேசினார். 1992 நவம்பரில் அதே ஊர் அணியான ரோமாவோடு ஆடிய டெர்பியில் ஆட்டம் முடியும் தறுவாயில் காஸ்கோயின் தலையால் முட்டிச் சமன் செய்த கோலை லாஸியோ ரசிகர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அதே ஸோஃப்தான் 1994 மார்ச்சில் உடினேசேவுக்கு எதிராக ஒரு பதினேழு வயதுப் பையனை முதன்முதலாக லீக் ஆட்டத்தில் இறக்கினார். பெயர் அலெஸ்ஸான்ட்ரோ நெஸ்டா. ஆறு வருடம் கழித்து ராட்டர்டாமில், யூரோ இறுதிப் போட்டியில், ஸோஃபின் பின்வரிசை நடுவில் நின்றவர் அதே நெஸ்டா.

1997 ஜனவரியில் பயிற்சியாளர் ஜெமனை அனுப்பியபோது கிளப் தலைவரே பெஞ்சில் உட்கார்ந்து அணியை நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்தார். 2001 ஜனவரியில் பயிற்சியாளர் எரிக்சன் இங்கிலாந்து அணிக்குப் போனபோதும் அதே கதை. பட்டம் வென்ற அணி தடுமாறிக்கொண்டிருந்தது, ஸோஃப் வந்து 69 புள்ளிகளோடு மூன்றாம் இடத்தில் முடித்தார். முதலிடம் வந்த ரோமாவுக்கு 75. ஆஃப்சைடு சொல்லும் செப்டம்பர் 2001 அதற்கு அடுத்த சீசனின் தொடக்கம். நெட்வெட், வெரோன் இரண்டு பேரையும் அந்தக் கோடையில் விற்றுவிட்டார்கள். நடுக்களத்தையே விற்றுவிட்டுச் சில வாரத்தில் பயிற்சியாளரைத் துரத்தினால் அது யார் தவறு?


#8 ஆஃப்சைடு

நெட்வெட், வெரோன் விஷயம் நியாயமானது, அதை எடைபோடத்தான் வேண்டும். 1990 வேலைநீக்கத்தை நானும் ஆதரிக்கவில்லை.

ஆனால் என் முக்கியமான கேள்வி 2000ஆம் ஆண்டு யூரோ. அதைத் தொடாமல் ஸோஃபைப் பற்றிப் பேசுவதில் பொருள் இல்லை. பிரான்ஸோடு ஆடிய இறுதிப் போட்டியில் கோப்பை கையில் இருந்தது. 55ஆம் நிமிடத்தில் இத்தாலியின் டெல்வெக்கியோ கோல். அதற்குப் பிறகு அரை மணி நேரத்துக்கும் மேலாக அணி பின்னால் போய் உட்கார்ந்தது. பிரான்ஸின் ஜிடேனுக்குத் தனியாக ஒரு ஆளைப் போடவில்லை. கடைசி நொடிகளில் பிரான்ஸின் கோல். அப்புறம் கூடுதல் நேரத்தில் கோல்டன் கோல், அதாவது முதலில் அடிப்பவருக்கே வெற்றி. பின்வாங்கி நின்றதற்குக் கொடுத்த விலை என்பதைத் தவிர இதை எப்படிச் சொல்வது?


#9 ஒன்றாம்நம்பர்

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த அணி எந்த நிலையில் போட்டிக்குப் போனது என்பதைப் பாருங்கள். தகுதிச் சுற்றில் நாப்போலியில் டென்மார்க்கிடம் 2-0 முன்னிலையிலிருந்து 2-3 என்று தோற்று, கடைசியில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பிரிவில் முதலிடம் பிடித்த அணி. முன்கள ஆட்டக்காரர் வியேரி காயத்தால் இல்லை. போட்டி தொடங்கச் சில நாள் இருக்கும்போது நார்வேக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் கோல்கீப்பர் பஃபான் கை எலும்பை முறித்துக்கொண்டார். இத்தாலியப் பத்திரிகைகளில் யாரும் நம்பிக்கை வைக்கவில்லை.

பஃபான் போனதும் டோல்டோ. இந்த இடத்தில்தான் ஸோஃப் கோல்கீப்பராக இருந்தவர் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1968இல் யூரோ வென்ற அணியின் கோல்கீப்பராக இருந்துவிட்டு, 1970 உலகக் கோப்பையில் ஆல்பெர்டோஸிக்கு மாற்றாக ஒரு ஆட்டம்கூட ஆடாமல் பெஞ்சில் உட்கார்ந்தவர் அவர். இரண்டாம் கோல்கீப்பரின் மனம் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரிவு ஆட்டங்கள் மூன்றிலும் வெற்றி: துருக்கி 2-1, பெல்ஜியம் 2-0, ஸ்வீடன் 2-1. காலிறுதியில் ருமேனியா 2-0. அரையிறுதி ஆம்ஸ்டர்டாமில், போட்டியை நடத்தும் நெதர்லாந்தோடு. 34ஆம் நிமிடத்தில் ஸம்ப்ரோட்டா ரெட் கார்டு வாங்கி வெளியே. சில நிமிடத்தில் பெனால்டி, ஃபிராங்க் டி போர் அடித்ததை டோல்டோ தடுத்துவிட்டார். இரண்டாம் பாதியில் இன்னொரு பெனால்டி, க்ளூய்வெர்ட் அடித்தது கம்பத்தில் பட்டது. பத்துப் பேரோடு கூடுதல் நேரமும் சேர்த்து 120 நிமிடம் 0-0.

ஷூட்-அவுட். இத்தாலிக்கு முதல் பெனால்டி அடிக்கப் போனவர் டி பியாஜியோ. இரண்டு வருடம் முன்பு பிரான்ஸ் உலகக் கோப்பையில் கடைசிப் பெனால்டியைக் குறுக்குக் கம்பத்தில் அடித்து இத்தாலியை வெளியேற்றியவர் என்று பெயர் வாங்கியவர். அவரே முதலில் போய் அடித்தார், கோல். டோட்டி பந்தை மெதுவாகக் கரண்டியில் எடுத்துப் போடுவதுபோல் நடுவில் தூக்கிப் போட்டார். டோல்டோ மறுபடி டி போரைத் தடுத்தார், பாஸ்வெல்ட்டையும் தடுத்தார். 3-1. பத்துப் பேர் கொண்ட அணி இவ்வளவு ஒழுங்காக, ஒருவர் இடத்தை ஒருவர் நிரப்பிக்கொண்டு ஆடியதை நான் அதற்குப் பிறகு அதிகம் பார்த்ததில்லை. தற்காப்பு என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடும் ஆட்டம் அல்ல அது.

இப்போது இறுதிப் போட்டி. 2000 ஜூலை 2, ராட்டர்டாம். இன்ஸாகிக்குப் பதிலாக டெல்வெக்கியோவை இறக்கினார் ஸோஃப். எல்லோரும் வியந்தார்கள். 53ஆம் நிமிடத்தில் ஃபியோரேவை எடுத்துவிட்டு டெல் பியரோவை இறக்கினார். பின்வாங்கும் பயிற்சியாளர் 0-0இல் ஒரு முன்கள ஆட்டக்காரரைக் கூடுதலாக இறக்குவாரா? இரண்டு நிமிடத்தில் டோட்டி குதிகாலால் விட்ட பந்தைப் பெஸ்ஸோட்டோ கிராஸ் செய்ய, டெல்வெக்கியோ கோல் அடித்தார். அப்புறம் டெல் பியரோவுக்கு இரண்டு தெளிவான வாய்ப்புகள் வந்தன. அதில் ஒன்று உள்ளே போயிருந்தால் இந்த இழையே இருக்காது.

ஜிடேனைப் பற்றி. பிரான்ஸின் முதல் கோல், கோல்கீப்பர் பார்தேஸ் தன் பக்கத்திலிருந்து நெடுந்தூரம் உதைத்த பந்து, ட்ரெஸெகே தலையில் பட்டு, கன்னவாரோவைத் தாண்டி வில்டோரிடம் போனது. 103ஆம் நிமிடத்தில் வந்த இரண்டாவது, இடது ஓரத்திலிருந்து பிரெஸ் கொடுத்து ட்ரெஸெகே அடித்தது. இரண்டிலும் ஜிடேன் எங்கே? வில்டோர், ட்ரெஸெகே, பிரெஸ் மூவரும் மாற்று ஆட்டக்காரர்களாக இறங்கியவர்கள். பிரான்ஸ் பயிற்சியாளர் லெமேருடைய பெஞ்ச் அன்று வென்றது என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஜிடேனை விட்டதால் தோற்றார் என்பதை ஏற்க மாட்டேன்.


#10 தெற்குகேலரி

அந்த ஷூட்-அவுட்டில் டோல்டோவைக் கவனித்துப் பாருங்கள், கோல்கீப்பர்களுக்கு அது ஒரு பாடம். அவசரமே இல்லை. உயரமான ஆள், கையை விரித்துக்கொண்டு கோட்டில் நிற்கிறார். அடிக்க வருகிறவர்தான் யோசிக்கிறார்.

பெர்லுஸ்கோனி விவகாரத்தை யாராவது எழுதுங்கள். ராஜினாமா செய்தார் என்பது தெரியும், முழுக் கதை இளையவர்களுக்குத் தெரியாது.


#11 பழையஆட்டம்

எழுதுகிறேன்.

இறுதிப் போட்டிக்கு மறுநாள். பெர்லுஸ்கோனி அப்போது எதிர்க்கட்சித் தலைவர், மிலான் அணியின் உரிமையாளர், நாட்டின் பெரிய தனியார் தொலைக்காட்சிகளும் அவருடையவை. அவர் பகிரங்கமாக ஸோஃபைத் தாக்கினார். ஜிடேனைச் சுதந்திரமாக விட்டது தகுதியற்ற செயல், ஒரு கற்றுக்குட்டிகூட அதைக் கவனித்திருப்பான் என்ற பொருளில் பேசினார். ஜூலை 4 அன்று ஸோஃப் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு ராஜினாமாவை அறிவித்தார். கண்ணியம் பற்றிப் பெர்லுஸ்கோனியிடமிருந்து பாடம் கற்கத் தேவையில்லை என்றார். ட்ராபட்டோனி அந்த இடத்துக்கு வந்தார்.

தோல்விக்காக விலகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆட்டத்தை விமர்சித்ததற்காகவும் இல்லை. 1978இல் கண் தெரியவில்லை என்று எழுதியதை வாய் திறக்காமல் தாங்கிய ஆள் அவர். தன் வேலையைக் குறை சொன்னால் தாங்கிக்கொள்வார். நாடே கேட்கும்படி ஒரு மனிதனாகத் தன்னைச் சிறுமைப்படுத்தியதை மட்டும் அவர் தாங்கவில்லை.


#12 ஆஃப்சைடு

அந்தப் பேச்சு அநாகரிகம்தான், சந்தேகமில்லை. ஆனால் ராஜினாமா சரியான முடிவா? 2002 உலகக் கோப்பைக்கு அணி தயாராகிக்கொண்டிருந்தது. நெஸ்டா, கன்னவாரோ, டோட்டி எல்லோரும் உச்சத்துக்கு வரும் நேரம். ஒரு அரசியல்வாதி ஏதோ சொன்னார் என்பதற்காக அந்த வேலையை விட்டுவிட்டுப் போனது வீரர்களைக் கைவிட்டதாக ஆகாதா? தலைமை என்றால் அவமானத்தையும் விழுங்கிக்கொண்டு நிற்பது இல்லையா?


#13 நீலச்சட்டை

எல்லா அவமானத்தையும் விழுங்க வேண்டும் என்று யார் சொன்னது? அடுத்த வருடமே பெர்லுஸ்கோனி பிரதமரானார். அவர் கையில் டிவியும் பத்திரிகையும் இருக்க, அவர் பகிரங்கமாக "தகுதியற்றவன்" என்று சொன்ன ஒருவர் தேசிய அணியில் தொடர்ந்திருந்தால் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் அதே கேள்வி வந்திருக்கும். அந்தச் சுமை வீரர்கள் தலையிலும் விழுந்திருக்கும். அவர் விலகியதால் வீரர்களுக்கு நன்மைதான்.

1990இல் யுவென்டஸ் இரண்டு கோப்பையோடு அனுப்பியபோது அவர் சத்தம் போடவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அது கிளப்பின் முடிவு, அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. இது வேறு.


#14 இடதுவிங்

ஆஃப்சைடு கேட்ட கேள்வியில் எனக்கும் பாதி உடன்பாடு உண்டு. 2002இல் தென் கொரியாவிடம் இத்தாலி கோல்டன் கோலில் தோற்றதைப் பார்க்கும்போது, ஸோஃப் இருந்திருந்தால் என்று தோன்றாமல் இருக்காது.

இன்னொரு சந்தேகம். சின்ன வயதில் உயரம் போதாது என்று அவரை நிராகரித்தார்கள் என்று படித்தேன். உண்மையா?


#15 பழையஆட்டம்

உண்மை. பதினான்கு வயது வாக்கில் இன்டரும் யுவென்டஸும் சோதனைக்குக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, உயரம் போதாது என்று அனுப்பிவிட்டன. பாட்டி அடிலெய்ட் தினமும் முட்டை கொடுத்துத் தேற்றினார் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார், ஒரு நாளைக்கு எட்டு முட்டை. இடையில் மோட்டார் மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டார். உடினேசேவுக்காக 1961இல் முதல் லீக் ஆட்டம், ஃபியோரென்டினாவிடம் 2-5 தோல்வி. அப்புறம் மன்டோவா, நாப்போலி, 1972இல் 30 வயதில் யுவென்டஸ். அங்கே ஆறு லீக் பட்டம், லீக்கில் ஒரு ஆட்டம்கூட விடாமல் தொடர்ச்சியாக 330 ஆட்டங்கள்.

1982 வெற்றிக்கு இத்தாலி வெளியிட்ட தபால்தலையை ஓவியர் ரெனாட்டோ குட்டூஸோ வரைந்தார். கோப்பையை உயர்த்தும் ஸோஃபின் கைகள்தான் அந்தப் படம். அந்தக் கைகள் யாருடையவை என்று இத்தாலியில் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.


#16 ஆஃப்சைடு

சரி, இவ்வளவு படித்த பிறகு என் நிலையைச் சொல்கிறேன். சாக்கி, கபெல்லோ வரிசையில் அவரை வைக்க மாட்டேன். ஆட்டத்தையே மாற்றிய பயிற்சியாளர் அல்ல அவர். ஆனால் இத்தாலியின் எந்த கிளப் நெருக்கடியில் சிக்கினாலும் ஏன் இவரையே கூப்பிட்டார்கள் என்ற கேள்விக்கு இந்த இழையில் பதில் இருக்கிறது. ஃபியோரென்டினாவைப் பற்றி மட்டும் யாரும் எழுதவில்லை.


#17 ஒன்றாம்நம்பர்

அதையும் சொல்லிவிடுகிறேன். 2004-05 சீசன். திவாலாகிக் கீழ் டிவிஷனிலிருந்து ஏறி வந்த ஃபியோரென்டினா, முதல் டிவிஷனில் மறுபடி மூழ்கிக்கொண்டிருந்தது. மொன்டோனிகோ, புஸோ இருவருக்கும் பிறகு மூன்றாவது பயிற்சியாளராக 2005 ஜனவரியில் ஸோஃப் வந்தார், வயது 62. நான்கரை வருடம் முன்பு யூரோ இறுதிப் போட்டியில் நின்றவர், கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பிக்கப் போராடும் அணிக்கு வர ஒப்புக்கொண்டார். 1990இல் அவர் யூஃபா கோப்பை வென்றது இதே ஃபியோரென்டினாவை வீழ்த்தி என்பதையும், அந்த ஊர் யுவென்டஸ்காரர்களை எப்படிப் பார்க்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் வரை இழுத்தது. பிரெஷியாவோடு சொந்த மைதானத்தில் ஆட்டம், இரண்டு அணிகளும் தப்பிக்கப் போராடுகின்றன. 3-0 என்று ஃபியோரென்டினா வென்றது. பார்மா, பொலோன்யாவோடு 42 புள்ளிகளில் சமநிலை. மூன்று அணிகளும் ஒன்றோடொன்று மோதிய ஆட்டங்களின் கணக்கில் ஃபியோரென்டினா தப்பியது, மற்ற இரண்டும் பிளே-ஆஃப் ஆட வேண்டியிருந்தது. பிரெஷியா கீழே போனது. அடுத்த சீசனில் பிரான்டெல்லி வந்து அந்த அணியை மேலே கொண்டுபோனார். ஸோஃப் அதற்குப் பிறகு எந்த அணிக்கும் பயிற்சியாளராகப் போகவில்லை.


#18 இடதுவிங்

நன்றி அண்ணா. ஆம்ஸ்டர்டாம் அரையிறுதியை இந்த வாரம் முழுதாகப் பார்க்கப் போகிறேன், ரெட் கார்டுக்குப் பிறகு அணி எப்படி நிற்கிறது என்று கவனிக்க.

நூனோவைப் பற்றித் தனி இழை தொடங்கலாமா? போர்ட்டோவில் விட்டோர் பையாவுக்கு மாற்றாக மொரீன்யோவின் பெஞ்சில் உட்கார்ந்து 2004இல் சாம்பியன்ஸ் லீக் பதக்கம் வாங்கியவர், 2018இல் வுல்வ்ஸை 99 புள்ளிகளோடு பிரீமியர் லீக்குக்குக் கொண்டுவந்தார். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த கோல்கீப்பர் என்ன கற்றுக்கொள்கிறார் என்று தெற்குகேலரியிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது.


#19 தெற்குகேலரி

தொடங்குங்கள். வேலன்சியாவில் 77 புள்ளிகள் எடுத்த சீசனையும் அங்கே சேர்த்துக்கொள்ளுங்கள், அதைப் பற்றி எழுத என்னிடம் விஷயம் உண்டு.